பி வேல்யூ கிலோ என்ன விலை?

தி. நகரில் கிடைக்காதது எதுவும் இல்லை. ரங்கநாதன் தெருவில் பாத்திரம், பாண்டி பஜாரில் வளையல், பனகல் பார்க்கைச் சுற்றிப் பட்டு, உஸ்மான் ரோட்டில் தங்கம். இந்தக் கடைகளுக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறினால் அறிவியலும் கிடைக்கும். 'புராஜெக்ட் சென்டர்' என்று பலகை தொங்கும். இன்ஜினியரிங் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு மாடல் செய்து கொடுப்பதில் தொடங்கிய தொழில் இது. எம்.பி.ஏ., நர்சிங், பிஎச்.டி. என்று படிப்படியாக வளர்ந்து, இப்போது மருத்துவ மேற்படிப்பு வரை வந்திருக்கிறது.

எம்.டி. மூன்றாம் வருட மாணவர் ஒருவர் படியேறி வருகிறார். தூங்கி இரண்டு நாள் ஆன கண்கள். கையில் பென் டிரைவ். அதில் மூன்று எக்செல் ஃபைல்கள்: 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ ஒரிஜினல்'. தீசிஸ் கொடுக்க வேண்டிய தேதி கழுத்தை நெரிக்கிறது.

"அண்ணா, சிக்னிஃபிகன்ட் வரலையே. கைடு திட்டுவாரு."

"எவ்வளவு வேணும் டாக்டர்? 0.05-க்குக் கீழ போதுமா, 0.001 வேணுமா?"

"அதுக்கு எக்ஸ்ட்ராவா?"

"சேச்சே. பிரின்ட் அவுட், பைண்டிங், கோல்டு எழுத்து எல்லாம் சேர்த்துத்தான் ரேட்டு."

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். பிறகு கடைக்காரர் தலையைத் தூக்குகிறார்.

"டாக்டர், 37-ஆம் நம்பர் பேஷன்ட் ஆம்பளைன்னு இருக்கு. ஆனா ரெண்டு சிசேரியன்னு போட்டிருக்கே?"

"ஐயோ! பொம்பளைன்னு மாத்திடுங்கண்ணா."

மாற்றிவிட்டார். எந்தச் சீட்டையும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஒருவேளை தப்பு பாலினத்தில் இல்லாமல் சிசேரியனில் இருந்திருக்கலாம். வரிசை ஒன்று கீழே இறங்கி, அந்தத் தாளில் இருக்கும் நூறு நோயாளிகளுக்கும் பக்கத்து ஆளின் வியாதி ஒட்டிக்கொண்டிருக்கலாம். யாருக்கு என்ன கவலை? பி வேல்யூ வந்துவிட்டது.

பி வேல்யூ என்பது அப்படியொன்றும் பரம ரகசியம் இல்லை. ஒரு மருந்துக்கு உண்மையில் எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலாகவே இந்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் கண்ணில் படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண். உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பதற்காகக் கண்டுபிடித்தது. அதை அடுத்தவரை ஏமாற்றும் கருவியாக்கி, பைண்டிங்குக்கு இலவச இணைப்பாகவும் ஆக்கியது நம் சாதனை.

கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். வேலை கிடைக்காத இன்ஜினியர், பிழைக்க வழி தேடினார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தீசிஸில் கைடு கையெழுத்துப் போடுவார், துறைத் தலைவர் போடுவார், நெறிமுறைக் குழு போடும், தேர்வாளர் மார்க் போடுவார். ஆனால் பாலினத்தையும் பிரசவத்தையும் ஒப்பிட்டு 'இது இடிக்கிறதே' என்று கேட்ட ஒரே ஆத்மா மாடியில் இருந்த அவர்தான். தரவுச் சரிபார்ப்பு என்னும் துறைக்கு இந்த நகரத்தில் இருக்கும் ஒரே பேராசிரியர் அவராகக்கூட இருக்கலாம்.

இந்த நோய்க்கு அரசிடம் இருக்கும் கைமருந்து ஒன்றுதான்: பயிற்சி.

மருத்துவ மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் உயிர்மருத்துவ ஆய்வு பற்றிய அடிப்படைப் பாடம் ஒன்றை இணையத்தில் படித்துத் தேற வேண்டும் என்பது விதி. அதை நாடு முழுவதற்கும் நடத்துவது நம்மூர் நிறுவனம்தான், அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். பாடம் நல்ல பாடம். கேள்வியை எப்படி அமைப்பது, மாதிரி எத்தனை பேர் வேண்டும், தரவை எப்படிப் பாதுகாப்பது என்று தெளிவாகச் சொல்கிறார்கள். கேட்கும் காது எங்கே இருக்கிறது? 36 மணி நேர டியூட்டியில். வார்டில் ஒரு கையால் டிரிப் ஏற்றிக்கொண்டு, மறு கையில் இரட்டை வேகத்தில் ஓடும் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிடும் பிள்ளையிடம் போய், "ரேண்டமைசேஷன் பற்றி உன் கருத்து என்ன?" என்று கேட்டால் அவன் டிரிப்பை உங்களுக்கு ஏற்றுவான்.

இணையம் சரிப்படவில்லை என்றால் நேரடிப் பட்டறை. நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். 9.30 பதிவு: பை, நோட்டு, பேனா, கழுத்தட்டை. 10 மணி தமிழ்த்தாய் வாழ்த்து. 10.10 குத்துவிளக்கு. திரி பற்றாமல் ஏசியை நிறுத்தச் சொல்லி ஆள் ஓடும். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, நான்கு வாழ்த்துரை, ஒரு சிறப்புரை. சிறப்புரைக்குத் தலைப்பு 'மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு'. பேசுகிறவர் தன் ஸ்லைடை நகர்த்தத் தெரியாமல் "நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்..." என்று ஒரு பையனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நோயறிதலின் எதிர்காலத்தை விளக்குவார். 12.15 டீ. 12.30 மணிக்கு, அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த 'ஆர் மென்பொருள் செய்முறைப் பயிற்சி'. அறுபது பேர், ஒரே வைஃபை, இரண்டு பிளக் பாயின்ட். மென்பொருள் பாதி இறங்கும்போது சாப்பாட்டு மணி. சாப்பிட்ட பிறகு குரூப் போட்டோ, சான்றிதழ், வீடு.

உச்சம் இதற்கு அப்புறம்தான். பட்டறைக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. 'பங்கேற்பாளர்களின் அறிவு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது, பி 0.001-க்குக் கீழ்' என்று அதையே ஒரு கட்டுரையாக எழுதி அனுப்பலாம். அந்தக் கணக்கை எங்கே போடுவது? மாடிப்படி இருக்கவே இருக்கிறது.

"என்ன செய்வது சார், தெரிந்த ஆள் கிடைக்கவில்லையே" என்று கைவிரிப்பார்கள். கிடைக்கவில்லையா? மயிலாப்பூர் மாடவீதி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்து, ஊர் உலகத்துக்கெல்லாம் குமாஸ்தாக்களை அனுப்பிய நகரம் இது. அந்தக் குமாஸ்தாக்களின் பேத்திகள் இன்று மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்தால் அந்தக் குறிப்பு கடல் தாண்டிச் சென்னைக்கு வரும். இங்கே ஒரு பெண் அதை வரி விடாமல் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய குறியீட்டைப் போட்டுத் திருப்பி அனுப்புவாள். அதை வைத்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்கும்.

அந்தக் குறியீட்டுப் பட்டியலின் துல்லியம் மயிர்க்கூச்செறிய வைப்பது. வாத்து தாக்கிக் காயம் என்றால் டபிள்யூ 61.62. விமான இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டவருக்கு வி 97.33. அவர் அதே காயத்துக்கு மறுபடி சிகிச்சைக்கு வந்தால் அதற்கும் கடைசியில் தனி எழுத்து உண்டு. மயிலாப்பூர்ப் பெண்ணுக்கு இது தலைகீழ்ப் பாடம். ஒஹாயோவில் எந்த வாத்து எவரை முட்டினாலும் அவளிடமிருந்து தப்பாது.

அதே பெண்ணின் அப்பா அரசு மருத்துவமனைக்குப் போகிறார். ஓ.பி. சீட்டில் அவருடைய பதினைந்து வருடச் சர்க்கரை நோய் ஒரு தடவை 'டிஎம்', ஒரு தடவை 'டி2டிஎம்', ஒரு தடவை 'நோன் டயபடிக்', அவசரமாக எழுதிய அன்று வெறும் 'சுகர்'. நாளைக்கு ஓர் ஆய்வாளர் வந்து, இந்த மருத்துவமனைக்கு வருகிற சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் கெட்டது என்று கணினியைக் கேட்டால் அது நான்கு விதமான மனிதர்களைக் காட்டும். இதைச் சரிசெய்யக் கருவி இல்லாமல் இல்லை. மருத்துவச் சொற்களை ஒரே குறியீட்டுக்குள் கொண்டுவரும் ஸ்னோமெட் சிடியில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு, இங்கே பயன்படுத்தக் கட்டணம் கிடையாது. மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கான தரவிதிகள் 2013-இல் வந்தன, 2016-இல் திருத்தவும் செய்தார்கள். ஏட்டுச் சுரைக்காயை இவ்வளவு அக்கறையோடு திருத்திய நாடு வேறு இருக்காது.

டாக்டருக்காவது பேனா ஒன்றுதான். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸைப் பாருங்கள். கர்ப்பிணிக்குப் பிக்மி, 2008-இலிருந்து இருக்கிறது. காசநோய்க்கு நிக்ஷய். தடுப்பூசிக்கு யூ-வின். தொற்றுநோய்க் கண்காணிப்புக்கு ஐஎச்ஐபி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வேறொன்று. எல்லாவற்றுக்கும் மேலே 14 இலக்க ஆபா என்னும் சுகாதார அடையாள எண். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் ஒரு செயலி கட்டிக்கொண்டது. எலிக்கு ஒரு வளை, நர்ஸுக்கு ஆறு. ஒரே பெண்ணின் பெயரை ஆறு தடவை அடிக்க வேண்டும். ஓடிபி வரும் போன் அந்தப் பெண்ணின் கணவர் பையில், கணவர் அம்பத்தூரில் வேலையில். "அக்கா, அவரு போன் எடுக்கல." வெளியே இன்னும் முப்பது பேர் வரிசையில். அவசரத்தில் எடையும் ரத்த அழுத்தமும் என்ன ஆகும்? போன மாதத்து எண்ணே இந்த மாதமும் ஏறும். அந்த எண்தான் மேலே போய்ப் பெரிய தரவு ஆகி, வண்ண வண்ண வரைபடமாகி, மாநாட்டில் கைதட்டல் வாங்கும்.

இத்தனைக்கும் நடுவில் அந்த நர்ஸ் நீளமான நோட்டு ஒன்றில் கையாலும் எழுதி வைத்திருப்பாள். "இன்னுமா பேப்பர்?" என்று ஆய்வுக்கு வரும் அதிகாரி முகம் சுளிப்பார். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்களை எவனோ பூட்டிப் போட்டபோது, நாட்டின் முதல் மருத்துவமனை அந்தப் பேப்பருக்குத்தான் திரும்பி ஓடியது. தகவல் பாதுகாப்பு பற்றிச் சிறப்புரை ஆற்ற அந்த நர்ஸை யாரும் கூப்பிடவில்லை.

இதெல்லாம் சிரிப்புக்கு. இனி சொல்வதற்குச் சிரிக்க முடியாது.

2020 ஜூலை 22. தமிழ்நாட்டின் கொரோனா இறப்புக் கணக்கில் ஒரே நாளில் 444 பேரைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். அன்று இறந்தவர்கள் அல்லர். மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் இறந்து, கணக்கில் வராமலே போனவர்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவேடு ஒன்று சொன்னது, சுகாதாரத் துறையின் பட்டியல் வேறொன்று சொன்னது. வெளியே கேள்வி எழுந்தது, குழு போட்டார்கள், ஒப்பிட்டார்கள், 444 பேர் கிடைத்தார்கள்.

மாநகராட்சியின் பதிவேடு ரிப்பன் மாளிகையில். சுகாதாரத் துறையின் பட்டியல் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில். டிஎம்எஸ்ஸில் மெட்ரோ ஏறினால் நான்காவது நிறுத்தம் சென்ட்ரல், இறங்கினால் எதிரே ரிப்பன் மாளிகை. அந்த மாதங்களில் மெட்ரோ ஓடவில்லை என்பது உண்மைதான். ஈமெயில் ஓடிற்று.

அந்த மூன்று மாதமும் நம் இறப்பு விகிதம் எவ்வளவு குறைவு என்று தினமும் மாலையில் மைக் முன்னால் பெருமை பேசினோம். அந்த விகிதத்தை நம்பித்தான் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த விகிதத்தைக் கேட்டுத்தான் ஒரு வீட்டில் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஒரு நாள் தள்ளிப்போட்டிருப்பார்கள். இரண்டு பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பெயரோடு ஒப்பிடும் வேலை அது. அதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. இயற்கை நுண்ணறிவு, அதுவும் ஹையர் பாஸ் செய்த அளவுக்கு இருந்தால் போதும்.

வெளிநாட்டில் நடக்கவில்லையா என்பார்கள். நடந்தது. அதே 2020-இல் இங்கிலாந்தில் 15,841 பேரின் கொரோனா முடிவுகள் காணாமல் போயின. பழைய வகை எக்செல் ஃபைலில் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் ஆய்வு ஒன்றில் தரவு ஒரு வரிசை நகர்ந்து போயிருந்தது, அந்த ஆய்வை நம்பி நோயாளிகளுக்குச் சிகிச்சைச் சோதனையும் நடந்தது. ஆனால் இங்கிலாந்தில் அந்தத் தவறு சில நாளில் பிடிபட்டு, எண்ணிக்கையோடு காரணத்தையும் ஊருக்குச் சொன்னார்கள். டியூக்கின் தவறை வேறோர் ஊரில் இருந்த இரண்டு புள்ளியியலாளர்கள் விடாமல் தோண்டி அம்பலப்படுத்தினார்கள். தோண்டுவது அவர்கள் உத்தியோகம். மாதச் சம்பளத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்து தோண்டினார்கள். நம்மூரில் 37-ஆம் நம்பரைப் பிடித்தவருக்குப் பைண்டிங் கூலிதான்.

நம்மவர்களுக்கு இது வராது என்று யாராவது சொன்னால் அவர்களை அடையாறுக்குக் கூட்டிப் போங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில், 1981 முதல் சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. நோயாளி விவரம் தானாக வந்து சேரும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், கேஸ் ஷீட்டைப் புரட்டி எடுத்துவந்தார்கள். ஒரே பெண் பயாப்சிக்குப் போன இடத்தில் அப்பாவின் இனிஷியலோடு 'கே. லட்சுமி', ஆபரேஷன் நடந்த இடத்தில் கணவரின் இனிஷியலோடு 'ஆர். லக்ஷ்மி', இறந்தபோது 'லெட்சுமி அம்மாள்'. மூன்றும் ஒருவரே என்று வயது, முகவரி, நோயின் இடம் எல்லாம் பார்த்து முடிவு செய்வதுதான் அங்கே அன்றாட வேலை. இறந்தவர்களைத் தேடி அவர்கள் போகும் இடம் எது தெரியுமா? மாநகராட்சியின் இறப்புப் பதிவேடு. 2020-இல் அரசுக்குக் குழு போட்டுத் தேட வேண்டியிருந்த வித்தை, அதே நகரத்தில், அதே பதிவேட்டில், பத்தாண்டுக் கணக்கில் நடந்துகொண்டிருந்தது.

இன்னும் பின்னால் போனால் 1956. ஐ.சி.எம்.ஆர்., சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து இங்கே காசநோய் சிகிச்சை மையம் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நெரிசலான ஏழை வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்த அளவுக்கே குணமாகும் என்று 1959-இல் நிரூபித்து, உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையின் போக்கை மாற்றினார்கள். எப்படி? திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். உண்மையில் விழுங்கினாரா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளி சொன்னார் என்பதற்காக எழுதிக்கொள்ளவில்லை. கணினி இல்லாத காலத்தில் 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டார்கள். தகவலியலின் முதல் பாடமும் அதுதான், கடைசிப் பாடமும் அதுதான்.

இன்றும் முடியும். அயப்பாக்கத்து நிறுவனமும் அரசும் சேர்ந்து 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், ஒரே கேள்வியோடு இறங்கியது: கண்டுபிடித்த அன்றே, சீக்கிரம் இறந்துவிடக்கூடியவர் யார்? உடல் மெலிவு, கால் வீக்கம், மூச்சு வேகம், பிடிப்பில்லாமல் நிற்க முடிகிறதா. இந்த மாதிரி சிலவற்றை நர்ஸே பார்த்துக் குறித்து, ஆபத்தானவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். கேள்வி முதலில், கணினி பிறகு. அதனால்தான் அது வேலை செய்கிறது.

ஆக, இந்த ஊரில் அறிவு இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். அடையாறு ஓரத்தில் ஐ.ஐ.டி. 2023-இல் மருத்துவத்தையும் பொறியியலையும் சேர்த்து ஒரு துறையே தொடங்கிவிட்டது. இல்லாதது நாற்காலி. ஒரு மருத்துவக் கல்லூரி முழுக்கத் தீசிஸ் எழுதும். சமூக மருத்துவத் துறையின் ஒரு மூலையில் ஒரே ஒரு புள்ளியியலாளர் உட்கார்ந்திருப்பார். தரவைக் கட்டிக் காக்க வேண்டியவர் 'டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்', தொகுப்பூதியம், திட்டம் முடிந்தால் ஆளும் முடிந்தார். அவருக்கு நீங்கள் பயிற்சி கொடுங்கள், கொடுத்துக்கொண்டே இருங்கள். நன்றாகக் கற்றுக்கொண்ட மறுமாதம் ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனிக்கு, வாத்துக்குக் குறியீடு போடப் போய்விடுவார். ஏன் போகக்கூடாது? வாத்து ஒன்றாம் தேதி சம்பளம் தருகிறது.

எனவே பயிற்சி யாருக்குத் தேவை என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. செயலகம் முதல் டீன் அறை வரை, கையெழுத்துப் போடும் ஒவ்வொருவருக்கும் அரை நாள் தேர்வு வைக்க வேண்டும். குத்துவிளக்கு கிடையாது. வினாத்தாள் இதோ:

1. நேற்று உங்கள் மேசைக்கு வந்த அறிக்கையில் ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொள்க. அதை முதன்முதலில் எழுதியவர் யார், எந்த நோட்டில், எதைப் பார்த்து? ('தெரியாது' என்று எழுதினால் நேர்மைக்குப் பாதி மதிப்பெண்.)

2. கே. லட்சுமி, ஆர். லக்ஷ்மி, லெட்சுமி அம்மாள்: இவர்கள் எத்தனை பேர்? விடையைவிட, கண்டுபிடிக்க யாரை அனுப்புவீர்கள், அவருக்கு என்ன சம்பளம் என்பதே முக்கியம்.

3. ஆண் நோயாளிக்கு இரண்டு சிசேரியன். யாரைக் கேட்பீர்கள்? (அ) மாணவரை (ஆ) கைடை (இ) கேஸ் ஷீட்டை (ஈ) தி. நகரை.

4. வாத்து முட்டிய ஒஹாயோக்காரர், நாய் கடித்த ஆயிரம்விளக்குக்காரர். யாருடைய காயம் துல்லியமாகப் பதிவாகும்? இருவரின் பதிவையும் எழுதுகிறவர்களின் சம்பளச் சீட்டை இணைத்து விளக்குக.

5. 2020 மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை உங்கள் பட்டியலில் இல்லாமல் இறந்துபோன 444 பேரில் யாராவது பத்துப் பேரின் பெயரை எழுதுக. எக்செல் பயன்படுத்தலாம். பக்கத்து அலுவலகத்துக்குப் போன் செய்யவும் அனுமதி உண்டு.

தேர்வில் தோற்றவர்களுக்கு மறுபயிற்சிப் பட்டறை நடத்தப்படமாட்டாது. அந்தப் பணத்தில் நாற்காலி வாங்கப்படும், உட்காரத் தெரிந்தவர்களுக்கு.